பர்மா உளுந்து விலையைக் கணிப்பது எப்படி: மண்டிக்குப் புதிதாக வருபவர்களுக்கு

2017 ஆகஸ்ட் 21 அன்று எங்கள் கிடங்கில் 300 மூட்டை உளுந்து இருந்தது. ஏப்ரலில் பர்மாவின் பெகு பக்கத்துக் கிராமங்களில் விவசாயிகளிடம் நேராக எடுத்த சரக்கு. தீபாவளிக்கு முன்னால் சென்னையிலிருந்து நல்ல கேட்பு வரும், அப்போது விடலாம் என்று வைத்திருந்தோம். அன்றைக்குத்தான் உளுந்தும் பாசிப்பயறும் சேர்த்து ஆண்டுக்கு 3 லட்சம் டன்னுக்கு மேல் இறக்குமதி கூடாது என்று இந்தியா அறிவித்தது. பதினாறு நாள் முன்பு, ஆகஸ்ட் 5-இல், துவரைக்கு 2 லட்சம் டன் என்று வரம்பு போட்டிருந்தார்கள். அந்தச் செய்தியை நான் படித்தேன், துவரைக்குத்தானே என்று விட்டுவிட்டேன். அறிவிப்பு வந்த மறுநாள் ரங்கூனின் பயின்னௌங் மொத்தச் சந்தையில் விலை கேட்கக்கூட ஆள் இல்லை. விலை இறங்கினால் இவ்வளவு நஷ்டம் என்று கணக்காவது போடலாம். கேட்பே இல்லாவிட்டால் எதை வைத்துக் கணக்குப் போடுவது?

அதற்குப் பிறகுதான் விலையை முறையாக எழுதிவைத்துப் பார்க்க ஆரம்பித்தேன். ரங்கூனிலும் பெகுவிலும் தட்டோனிலும் நம் பிள்ளைகள் இப்போது நிறையப் பேர் தரகுக்கும் ஏற்றுமதி அலுவலக வேலைக்கும் வருகிறார்கள். எல்லோரும் முதலில் கேட்பது "அண்ணே, உளுந்து ஏறுமா இறங்குமா" என்றுதான். அந்தக் கேள்வியை உடைத்தால்தான் பதில் கிடைக்கும். சந்தையில் கத்தும் விலைக்குள் மூன்று எண்கள் இருக்கின்றன: இந்தியாவில் உளுந்துக்கு டாலரில் என்ன விலை, ஒரு டாலருக்கு எத்தனை சாட் (பர்மா நாணயம்), ஊர்க் களத்திலிருந்து சென்னைத் துறைமுகம் வரை என்ன செலவு. மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள். சேர்த்துப் பார்த்தால் உளுந்து ஏறுகிறதா, நம் பணம் தேய்கிறதா என்றே தெரியாது.

முதலில் ஒரு நோட்டு

எக்செல், கூகுள் ஷீட் எல்லாம் அப்புறம். கரண்டும் நெட்டும் எப்போது இருக்கும் என்று சொல்ல முடியாத ஊரில் காகித நோட்டுதான் முதல் கருவி. தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்து விலையை எழுதுங்கள். காலை பத்து மணி விலையை ஒருநாளும் சாயங்கால விலையை மறுநாளும் எழுதினால் அந்த நோட்டால் பயனில்லை. தேதி, ரகம், அளவு, எந்த இடத்து விலை, யார் கேட்ட விலை, உண்மையில் கை மாறிய விலை என்று ஆறு கட்டம் போடுங்கள். கேட்ட விலையும் கை மாறிய விலையும் விலகிக்கொண்டே போனால் சந்தை திரும்பப் போகிறது என்று பொருள். பல தடவை பார்த்திருக்கிறேன், எந்த வரைபடத்திலும் தெரிவதற்கு முன்னால் இதில் தெரியும்.

அளவில் புதியவர்கள் தடுமாறுவார்கள். ஒருவர் கூடைக்குச் சொல்வார், ஒருவர் வீசைக்கு, ஏற்றுமதிக்காரர் டன்னுக்கு. பர்மா வீசை 1.633 கிலோ. ஊரில் தாத்தா காலத்தில் சொன்ன மதராஸ் வீசை ஏறத்தாழ 1.4 கிலோதான், இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடாதீர்கள். உளுந்துக் கூடை 20 வீசை, அதாவது 32.7 கிலோ. நெல் கூடையோ 46 ராத்தல், 21 கிலோகூட வராது. ஒரு டன் உளுந்து என்றால் ஏறக்குறைய 612 வீசை. நோட்டின் முதல் பக்கத்திலேயே இதை எழுதி ஒட்டிவிட்டு, எல்லா விலையையும் டன்னுக்கு மாற்றியே எழுதுங்கள்.

ரகமும் முக்கியம். பர்மியர் மாட்பே என்று சொல்லும் நம் உளுந்தில் வியாபாரத்துக்கு இரண்டு பெயர்: எஃப்.ஏ.க்யூ என்பது சராசரிச் சரக்கு, எஸ்.க்யூ என்பது பொறுக்கிய பெரிய மணி. மூட்டையில் குத்தூசியைச் செருகி உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு வெளிச்சத்துப் பக்கம் திரும்பி நில்லுங்கள். எஸ்.க்யூ என்றால் மணிகள் ஒரே அளவில், கருப்பு மங்காமல் இருக்கும், விரலால் பரப்பினால் சுருங்கிய மணியும் மண் துணுக்கும் தென்படாது. இரண்டு மணியைப் பல்லில் கடியுங்கள். டக் என்று உடைந்தால் காய்ந்த சரக்கு, பல் பதிந்து நசுங்கினால் ஈரம். ஈரச் சரக்கை வாங்கி நான்கு மாதம் வைத்தால் எடை குறையும். விலை சரியாக ஏறியும் பணம் வராமல் போவது இப்படித்தான். இரண்டு ரகத்துக்கும் நடுவிலுள்ள விலை வித்தியாசத்தையும் தினம் எழுதுங்கள். அறுவடை நேரத்தில் மழை பெய்து மணி நிறம் மாறினால் நல்ல சரக்குக்குத் தட்டுப்பாடு வரும், வித்தியாசம் விரியும். மொத்த விலை அசையாமலே நிற்கும்போதுகூட இது நகரும்.

பருவத்தைப் பிரிப்பது

கீழ்ப்பர்மாவில் மழைக்கால நெல்லை அறுத்த வயலில், மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்தை நம்பி, அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை உளுந்து விதைப்பார்கள். பிப்ரவரியில் தொடங்கி ஏப்ரல் வரை சரக்கு வரும். துவரை வேறு கணக்கு: சகாயிங், மக்வே, மண்டலே பக்கத்து வறண்ட நிலத்தில் மழை தொடங்கும்போது விதைத்து டிசம்பர் கடைசியிலிருந்து அறுப்பார்கள். அதனால் இரண்டுக்கும் ஒரே பருவ அட்டவணை போடக்கூடாது.

பருவக் குறியீடு என்பது பெரிய வித்தை இல்லை. ஒவ்வொரு மாதத்துக்கும் சராசரி டாலர் விலையை எடுங்கள். பிறகு ஆண்டுச் சராசரி, ஆனால் ஜனவரியிலிருந்து எண்ணாமல் புதுச் சரக்கு வரும் மார்ச்சிலிருந்து அடுத்த பிப்ரவரி வரை எண்ணுங்கள். மாதச் சராசரியை ஆண்டுச் சராசரியால் வகுத்து நூறால் பெருக்குங்கள். ஐந்து ஆண்டுக்கு இப்படிச் செய்து, மார்ச்சுக்குக் கிடைத்த ஐந்து எண்ணையும் வரிசைப்படுத்தி நடு எண்ணை எடுங்கள். சராசரி எடுத்தால் 2017 மாதிரி ஒரு வருஷம் முழு அட்டவணையையும் கெடுத்துவிடும், நடு எண் அதற்கு அசையாது.

இப்போது கணக்குக்காக, மார்ச் குறியீடு 92, அக்டோபர் குறியீடு 107 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். 107-ஐ 92-ஆல் வகுத்தால் 1.16, அதாவது ஏழு மாதம் வைத்திருந்தால் நூற்றுக்குப் பதினாறு கிடைக்கும் என்று தோன்றும். புதியவர்கள் இந்த இடத்தில் கடன் வாங்கிச் சரக்கு பிடிப்பார்கள். மாதம் இரண்டு வட்டி என்றால் ஏழு மாதத்துக்குப் பதினான்கு போய்விட்டது. கிடங்கு வாடகை, வண்டு, எடைக் குறைவு சேர்ந்தால் மிச்சமுள்ள இரண்டும் போகும். பருவ ஏற்றம் என்று நாம் பார்ப்பதில் பெரும்பகுதி சரக்கை வைத்திருப்பதற்கான கூலிதான். சொந்தப் பணமும் சொந்தக் கிடங்கும் உள்ளவருக்கு அது வருமானம், கடன் வாங்கியவருக்கு அது வட்டிக்காரர் பங்கு. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1930-இல் கீழ்ப்பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்தது 6 சதவீத நிலம். உலக மந்தத்தில் நெல் விலை சரிந்தது, கடனைக் கட்ட முடியாத விவசாயிகளின் நிலம் கை மாறியது, 1938-இல் அது 25 சதவீதம். நம் ஆட்கள் கேட்டு வாங்கிய நிலம் இல்லை அது. பணமாகத் திரும்ப வரவேண்டியது மண்ணாக வந்து முடங்கியது, அப்புறம் அந்த மண்ணும் போனது. விலை சரிந்தபோது கடன் கொடுத்தவரும் வாங்கியவரும் ஒரே குழியில்தான் விழுந்தார்கள்.

சாட்டையும் உளுந்தையும் பிரிப்பது

உண்மையான வேலை இங்கேதான் இருக்கிறது. சென்னை விலையிலிருந்து பின்னோக்கி நடந்து வாருங்கள். எண்கள் கணக்குக்காகத்தான். சென்னை போய்ச் சேரும் விலை டன்னுக்கு 800 டாலர். கப்பல் கூலி, மூட்டை, புகையூட்டம், கூலி, ஏற்றுமதிக்காரர் லாபம் எல்லாம் சேர்த்து 60 கழித்தால் 740. இதைச் சாட்டாக்க வேண்டும். ஆனால் ஏற்றுமதி டாலர் முழுவதும் வெளிச்சந்தை விலைக்கு மாறுவதில்லை. 2022 ஆகஸ்டில் பர்மா மத்திய வங்கி டாலருக்கு 2,100 சாட் என்று வைத்தது, ஏற்றுமதி வருமானத்தில் ஒரு பங்கை அந்த விலைக்கே ஒப்படைக்க வேண்டும் என்றார்கள், அந்தப் பங்கை அடிக்கடி மாற்றினார்கள். வெளிச்சந்தையில் டாலர் 3,500, ஒப்படைக்கும் பங்கு கால்வாசி என்று வைத்தால், கால் பங்கு 2,100-க்கும் முக்கால் பங்கு 3,500-க்கும் போய் சராசரி 3,150 வரும். 740-ஐ அதனால் பெருக்கினால் டன்னுக்கு 23,31,000 சாட், வீசைக்கு ஏறக்குறைய 3,810. ரங்கூன் கிடங்கில் ஏற்றுமதிக்காரர் கொடுக்கக்கூடிய உச்சம் இது. சந்தை இதற்கு மேலே ஓடினால் யாரோ கப்பல் நிரப்ப அவசரப்படுகிறார், இல்லாவிட்டால் டாலரை விட்டுச் சரக்கில் பணத்தை வைக்கிறார்கள். இரண்டும் நீண்ட நாள் நிற்காது.

அதே கணக்கில் ஒப்படைக்கும் பங்கை மட்டும் 25-இலிருந்து 15 சதவீதமாக்குங்கள். சராசரி 3,290 ஆகும், டன்னுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் விலை கூடிவிடும். உளுந்தில் எதுவும் நடக்கவில்லை, மழை இல்லை, தட்டுப்பாடு இல்லை. "உளுந்து ஏறுது" என்று ஊர் முழுக்கப் பேசும் நாளில் இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டு டாலரில் விலை என்ன என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள். நோட்டில் சாட் விலைக்குப் பக்கத்தில் டாலர் விலைக்கு ஒரு கட்டம் கட்டாயம் வேண்டும். பருவக் குறியீட்டை டாலரில் போடச் சொன்னதும் இதற்காகத்தான்.

துவரைக்குச் செலவுக் கட்டம் இன்னும் பெரிது. வறண்ட மண்டலத்திலிருந்து ரங்கூன் வரும் லாரிக் கூலி 2021-க்குப் பிறகு பாதை நிலவரத்தோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது. 2025 மார்ச் 28 நிலநடுக்கத்தில் சகாயிங் பக்கத்து பழைய ஆவா பாலமே இடிந்து விழுந்தது. இந்த மாதிரி நேரத்தில் ரங்கூன் விலை ஏறும், அதே நாளில் ஊரில் விவசாயிக்குக் கிடைக்கும் விலை இறங்கும். எந்த இடத்து விலை என்று ஒரு கட்டம் போடச் சொன்னேன் அல்லவா, அது இங்கே உதவும்.

டெல்லியைப் படிப்பது

பாசிப்பயறு சீனாவுக்கும் வியட்நாமுக்கும் போகும், உளுந்துக்கோ கிட்டத்தட்ட ஒரே வாடிக்கையாளர்தான். ஆகையால் இந்திய அறிவிப்புகளைப் படிக்காமல் உளுந்து விலையைக் கணிக்க முடியாது. எதைப் படிப்பது?

2015 கடைசியில் இந்தியாவில் துவரம்பருப்பு கிலோ 200 ரூபாய் தொட்டது. அங்கேயும் இங்கேயும் எல்லோரும் பருப்பு விதைத்தார்கள். 2016-17-இல் இந்தியாவில் சாதனை விளைச்சல், விலை விழுந்தது, விவசாயிகள் கொதித்தார்கள், அதன் பிறகுதான் அந்த ஆகஸ்ட் அறிவிப்புகள். அன்று எங்கள் கிடங்கிலிருந்த 300 மூட்டைக்கு வந்த கஷ்டத்துக்கு விதை, இரண்டு வருஷம் முன்பே போட்டாயிற்று. உயர்ந்த விலை அடுத்த விதைப்பைப் பெருக்கும், பெருகிய விதைப்பு அதற்கடுத்த விலையை இறக்கும். சக்கரம் சுற்ற இரண்டு வருஷம் ஆகும், அதனால்தான் பாதி வழியில் நிற்கும்போது தெரிவதில்லை.

ஆகவே குறித்துக்கொள்ள வேண்டியவை இவை. இந்தியா ஜூன் வாக்கில் அறிவிக்கும் குறைந்தபட்ச ஆதரவு விலை: 2025-26-க்கு உளுந்து குவிண்டாலுக்கு (100 கிலோ) 7,800 ரூபாய். டாலர் 86 ரூபாய் என்று வைத்தால் டன்னுக்கு சுமார் 907 டாலர். நம் சரக்கு அங்கே போய்ச் சேரும் விலை இதற்கு வெகுவாகக் கீழே, மாதக்கணக்கில் கிடந்தால், இறக்குமதியைத் தடு என்ற குரல் அங்கே பலக்கும். 2017-இல் நான் பார்க்கத் தவறியது இந்த இடைவெளியைத்தான். அப்புறம் ஜூலை, ஆகஸ்டில் அவர்கள் வாராவாரம் வெளியிடும் விதைப்புப் பரப்பு, மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான், மகாராஷ்டிரம் ஆகியவற்றில் செப்டம்பர் மழை. அறுவடை நேரத்தில் அங்கே மழை கொட்டினால் நம் பழைய சரக்குக்குக் கேட்பு வரும்.

பிறகு தேதிகள். 2021 மே 15-இல் உளுந்து, துவரை, பாசிப்பயறு இறக்குமதியை மறுபடி திறந்துவிட்டார்கள். பாசிப்பயறை 2022 பிப்ரவரியில் திரும்ப மூடினார்கள், உளுந்துக்கும் துவரைக்கும் ஆண்டுக்கு ஆண்டு நீட்டித்தார்கள், 2025-இல் செய்த நீட்டிப்பு 2026 மார்ச் 31 வரை. கெடு மார்ச் 31 என்றே வருவதைக் கவனியுங்கள், நம் புதுச் சரக்கு குவியும் மாதமும் அதுதான். நீட்டிப்பு வருமா என்று தெரியாத பிப்ரவரியில் சென்னைக்காரர் கையைக் கட்டிக்கொள்வார், களத்தில் விலை இறங்கும், கடனுக்குப் பயந்த விவசாயி அப்போதுதான் விற்பார். பருவ இறக்கமும் கொள்கை பயமும் ஒன்றாகச் சேருவதால், அந்த மாத விலையை வைத்து வருஷத்தைக் கணிக்காதீர்கள்.

இருப்பு வரம்பும் ஒரு கருவி. 2023 ஜூன் 2-இல் துவரைக்கும் உளுந்துக்கும் மொத்த வியாபாரி 200 டன்னுக்கு மேல் இருப்பு வைக்கக்கூடாது என்றார்கள், செப்டம்பர் 25-இல் அதை 50 ஆக்கினார்கள். இந்த மாதிரி நேரத்தில் இந்தியாவில் சரக்கு குறைவுதான், விலையும் உயர்வுதான், ஆனாலும் ஒரே கையில் பெரிய கொள்முதல் வராது, சிறிது சிறிதாகக் கேட்பார்கள். அரிசிக்கும் இதே மாதிரிதான், ஆனால் எதிர்த்திசையில்: 2023 ஜூலை 20-இல் இந்தியா வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடுத்தபோது வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் மற்ற நாடுகளைத் தேடினார்கள், 2024 செப்டம்பரில் திறந்தபோது அந்த நாடுகளுக்குக் கிடைத்த ஆதாயம் கழன்றது. அரிசியைப் பற்றி இதற்கு மேல் நான் பேசுவதற்கில்லை, என் வேலை பருப்பில்.

இங்கே நம் பக்கத்தில் பார்க்க ஒன்றுதான் உண்டு: அக்டோபரில் விதை விலை. உளுந்தும் பாசிப்பயறும் ஒரே வயலுக்குப் போட்டி. விதைக் கடையில் பாசிப்பயறு விதை தீர்ந்து உளுந்து விதை தேங்கினால், அடுத்த மார்ச்சில் உளுந்து வரத்து குறையும். எந்த அதிகாரப்பூர்வப் புள்ளிவிவரம் வருவதற்கும் முன்னால் இது தெரிந்துவிடும். பெகு, லெப்பாடான், பியாப்பொன் பக்கம் ஒரு விதைக்கடைக்காரரோடு பழகி வைத்துக்கொள்ளுங்கள்.

கணிப்பை எழுதி, மார்க் போடுவது

வாயால் சொன்ன கணிப்பு கணிப்பே இல்லை, நடந்த பிறகு எல்லோரும் "நான் அப்பவே சொன்னேன்" என்பார்கள். தேதி போட்டு எழுதுங்கள். ஒரே எண்ணாக எழுதாமல் வரம்பாக: "ஜூலை 31 அன்று எஸ்.க்யூ, சென்னை விலை, 780 முதல் 840 டாலருக்குள், பத்துக்கு ஏழு நிச்சயம்." கீழே இரண்டே வரி காரணம். பக்கத்தில், எது நடந்தால் இந்தக் கணிப்பைக் கிழித்துவிடுவேன் என்று ஒரு வரி. அந்த மூன்றாவது வரியை எழுதத்தான் யாருக்கும் மனம் வராது, ஆனால் அது இல்லாவிட்டால் அறிவிப்பு வந்த நாளில் பழைய காரணத்தையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். நான் அப்படி மூன்று வாரம் உட்கார்ந்திருந்தேன்.

பத்துக் கணிப்பு சேர்ந்ததும் எண்ணுங்கள். பத்துக்கு ஏழு என்று சொல்லிவிட்டு நான்குதான் வரம்புக்குள் விழுந்தால் உங்களுக்கு அளவுக்கு மீறிய நம்பிக்கை, வரம்பை விரியுங்கள். பத்தும் உள்ளே விழுந்தால் வரம்பு அகலம் அதிகம், அதை வைத்து யாரும் சரக்கு வாங்க முடியாது.

இன்னொரு சோதனை, கொஞ்சம் வலிக்கும். போன மாத விலையே இந்த மாதமும் என்று ஒரு சோம்பேறிக் கணிப்பை உங்கள் கணிப்புக்குப் பக்கத்தில் எழுதி வாருங்கள். தொடக்க விலை 805, அடுத்த மூன்று மாதம் உண்மை விலை 800, 810, 820 என்று வைப்போம். நீங்கள் சொன்னது 820, 790, 850. உங்கள் பிழை 20, 20, 30, சராசரி 23. சோம்பேறிக் கணிப்பின் பிழை 5, 10, 10, சராசரி 8 சொச்சம். இப்படி ஒரு வருஷம் போனால் உங்கள் முறையை விட்டுவிடுங்கள், போன மாத விலையே போதும். எக்செல் கற்றுக்கொண்ட பிள்ளைகள் வளைகோடு வளைகோடாக வரைந்து கொண்டுவருவார்கள், நான் முதலில் கேட்பது சோம்பேறிக் கணிப்பைத் தாண்டியதா என்றுதான். ஒரு மாதத் தொலைவுக்குத் தாண்டுவது மிகவும் கடினம். நான்கைந்து மாதத் தொலைவுக்குப் பருவக் குறியீடும் விதைப்பும் சேர்ந்தால் தாண்ட முடியும், என் நோட்டில் தாண்டியிருக்கிறது.

சரி, எங்கிருந்து தொடங்குவது? நாளைக் காலை பத்து மணிக்கு. நோட்டில் ஆறு கட்டத்தோடு டாலருக்கு ஏழாவது கட்டமும் போட்டு, ஒரே தரகரிடம், ஒரே ரகத்துக்கு விலை கேட்டு எழுதுங்கள். பழைய விலை வேண்டுமென்றால் உங்கள் முதலாளியின் பழைய பில் புத்தகங்களைக் கேளுங்கள். கரையான் அரிக்காமல் ஐந்து வருஷத்து பில் இருந்தால் இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் பருவக் குறியீடு தயார். முதல் ஆறு மாதத்துக்கு உங்கள் கணிப்பை நம்பி ஒரு மூட்டைகூட வாங்காதீர்கள், எழுதி மட்டும் வையுங்கள். அதற்குப் பிறகும், மொத்தத்தையும் ஒரே நாளில் விற்க நினைக்காமல், ஏப்ரலில் கால், ஜூலையில் கால் என்று பிரித்து விடுங்கள். எங்கள் கிடங்கில் இப்போது அப்படித்தான் நடக்கிறது.